ஊற்றுப் பார்க்கிற அன்னபாக்கியம்

இறைத்த நாற்பதாவது வாளித் தண்ணீரும் வாழைக்குப் போயாயிற்று. இனி யாரும் கிணற்றைத் தொடக்கூடாது. அன்னபாக்கியம் அக்கா கிணற்றுக் கட்டில் குந்தி, முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, ஈரம் எந்த முடிச்சில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வெற்றிலையை வாயில் போடுகிறார். அந்த ஒரு வாய் வெற்றிலை முடிந்ததும் கயிறு மறுபடி இறங்கும். இடையில் ஊற்று எத்தனை முடிச்சு ஏறியிருக்கிறது என்பதை வைத்து, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிடுவார்.

முரசுமோட்டை ஊரில் பந்தற்கால் நடுமுன் அவரைக் கூப்பிட்டாக வேண்டும். அரிசி, மேளம் என்று யாராவது வாயெடுத்தால் கையால் மறிப்பார்.

"அரிசி பரந்தன் கடையிலை கிடக்கு. தண்ணி எந்தக் கடையிலை கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"

ஆவணியில் வாய்க்காலைப் பூட்டிவிடுவார்கள். கிணறுகளும் சுருங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து நாள் குறித்து அனுப்புகிற ஐயருக்கு அதெல்லாம் தெரியவா போகிறது!

அக்காவின் கண்ணுக்கு ஊரில் மனிதர்கள் இல்லை, வாளிகள்தான். நான் மூன்று வாளி. "வாத்தியார் குளிக்க வெளிக்கிட்டால் குளத்துக்கே பயம்" என்று என் மாணவர்களுக்கு முன்னாலேயே சொன்னார். எனக்குக் கோபந்தான். மூன்று வாளியில் குளிப்பது ஒரு குற்றமா?

அக்கா குடும்பத்தார் ஐம்பத்திரண்டில் கரவெட்டியிலிருந்து வந்து இங்கே குடியேற்றக் காணி பெற்றவர்கள். அடுத்த வருடமே மூத்த மகள் சாமத்தியப்பட்டாள். பூப்பு நீராட்டுக்கு ஊரையெல்லாம் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் கால் கழுவி, முகம் கழுவி முடிய, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற நேரம் வாளி வெறுஞ்சேற்றோடு மேலே வந்தது. "பிள்ளை மணையிலை இருந்து என்ரை முகத்தைப் பாத்தது, வாத்தியார். அந்தப் பார்வை இண்டைக்கும் என்னை விடேல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் இந்தக் கயிறு.

சென்ற ஆவணியில், நான் நாளும் குளிக்கப் போகிற பரமலிங்கத்தார் வீட்டுக் கிணற்றடியில் அக்காவைப் பார்த்தேன். மகள் விமலேஸ்வரிக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் குழம்பிப் போயிருந்தது. இப்போது வந்த மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. லீவு ஆவணியில் அந்த ஒரு வாரந்தான். நாளைத் தள்ளினால் இதுவும் போய்விடும். கயிறு இரண்டாந்தரம் மேலே வந்தது.

"இருநூறு பேருக்குத்தான் காணும்."

"முந்நூறு பேருக்குச் சொல்லிப் போட்டன். ரெண்டு பஸ் வருது. ஆரை வராதை எண்டு சொல்லுறது?" என்றார் பரமலிங்கத்தார்.

வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். அக்கா இன்னொரு வாய் வெற்றிலை போட்டார்.

"வாசல்லை வாளி வேண்டாம், செம்பு வையுங்கோ. இலையளைக் கழுவாதேங்கோ, ஈரத்துணியாலை துடையுங்கோ. பாத்திரம் எல்லாம் என்ரை வளவுக்கு வரட்டும், நான் கழுவித் தாறன். நாளையிலிருந்து இந்தக் கிணத்திலை கல்யாணப் பொம்பிளையைத் தவிர ஒருத்தரும் குளிக்கப்படாது. வாத்தியார், உங்களுக்குந்தான்!"

"நீங்களும் வருவியள்தானே, அக்கா?" பரமலிங்கத்தாரின் மனைவி நாகேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், வாறன். ஆனால் என்னையும் இவரையும் கணக்கிலை சேர்க்கேல்லை."

இவர் என்றது அவருடைய கணவர் சிற்றம்பலத்தை. அதென்ன கதை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இரண்டு பஸ்ஸும் நிறைந்து வந்தன. தாலி ஏறி, மூன்றாம் பந்தி முடிகிற நேரம் வாளி அடிமணலில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் கடைசி விருந்தாளிக்கும் கை கழுவத் தண்ணீர் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அருமையான மனுசி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசிப் பந்தியில் அக்காவும் சிற்றம்பலமும் எனக்கு எதிரே இருந்து சாப்பிட்டார்கள். செம்போடு வந்த பெண்ணிடம் அக்கா எச்சிற்கையை மடக்கிக்கொண்டு வேண்டாமென்று தலையை ஆட்டினார். இருவரும் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனார்கள். அங்கே வேலியோரம் வைத்திருந்த பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து, தக்கையைப் பல்லால் கடித்து இழுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கணவரின் கையில் சொட்டுச் சொட்டாக வார்க்கத் தொடங்கினார்.