இரண்டாவது அனுமதி

அலுவலகத்தில் அவரைச் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் முதன்முதலாக ஆறு கணினிகள் வந்து இறங்கியபோது, எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். மறந்துபோனவர்கள் அவர் மேசை முன்னால் வந்து நின்று தலையைச் சொறிவார்கள். அவர் குனியச் சொல்லிக் காதோடு காதாகச் சொல்வார். ஒருவருடையதை இன்னொருவரிடம் சொன்னதில்லை. "சாவி வாயத் தொறந்தா கம்பெனிய இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்று மேனேஜர் ஒருமுறை சொன்னார். சாவி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வீட்டிலும் போய்ச் சொன்னார்.

வயது ஐம்பத்து மூன்று. உட்கார்ந்திருப்பது புகார் மேசையில். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது என்று வரும் அஞ்சல்களைப் படித்து, பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்து அனுப்ப வேண்டும். சிக்கிக்கொண்டவர்களே உள்ளேயிருந்து எழுதுவதும் உண்டு. சிலர் கெட்ட வார்த்தையில் எழுதுவார்கள், சிலர் அழுதுகொண்டே எழுதுவார்கள். எல்லாவற்றையும் முகம் மாறாமல் படிப்பார்.

அந்த மாதத்திலிருந்து வெறும் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அஞ்சல் மென்பொருளில் கடிதங்களை இறக்க முடியாது என்று அஞ்சல் சேவைக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினாள்.

"இதுவரைக்கும் உங்க கடவுச்சொல்லையே மென்பொருள்கிட்டக் குடுத்து வெச்சிருந்தீங்க. அது தெரிஞ்சவங்க யாரு வேணும்னாலும் எங்க உக்காந்து வேணும்னாலும் உங்க பெட்டியத் தொறக்கலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. இனிமே ஒரு ஜன்னல் தொறக்கும். அதுல உள்ள போனா, உங்க போனுக்கு 'நீங்கதானா'ன்னு கேள்வி வரும். ஆமான்னு சொன்னா அந்த மென்பொருளுக்கு மட்டும் ஒரு டோக்கன், அனுமதிச் சீட்டு மாதிரி, குடுப்பாங்க. யார் யாருக்குக் குடுத்திருக்குன்னு பட்டியலும் இருக்கும். வேணாம்னா ரத்து பண்ணிடலாம்."

"அப்ப சாவிக்கு இனிமே என்ன வேலை?" என்றார் மூத்த மெக்கானிக்.

"ஆணியில மாட்டிட வேண்டியதுதான்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

சாவியும் சேர்ந்து சிரித்தார்.

பதினோரு மணிக்குள் ஐந்து கணினிகளை முடித்தார். கணக்கின் அமைப்புக்குள் போய், 'சாதாரண கடவுச்சொல்' என்றிருப்பதை மாற்றி டோக்கன் முறையைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொருவரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். கடைசியாகத் தன் கணினிக்கு வந்தார். புகார்ப் பெட்டி ஒரே தடவையில் திறந்தது. உடனே இரண்டாவதாக ஒரு ஜன்னல் எழும்பியது. அதில் அவர் தங்கையின் முகவரி இருந்தது.

ஆறு வருஷமாக அவர் தங்கையின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

கணவன் அவளை விட்டுப் போன சமயத்தில் ஆரம்பித்தது அது. வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வேலையை எடுத்திருந்தாள். அஞ்சலை ஒழுங்குபண்ணித் தரச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டாள். கடவுச்சொல் அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த ஆள் மிரட்டி ஏதாவது எழுதினால் தெரிய வேண்டாமா என்று, மறுநாள் அலுவலகத்தில் தன் மென்பொருளிலும் அவள் பெட்டியைச் சேர்த்தார். யாராவது எட்டிப் பார்த்தால் தெரியாதபடி அதற்குப் 'பழைய புகார்கள்' என்று பெயர் வைத்தார். ஒரு மாதத்துக்குத்தான் என்று நினைத்தார். அந்த ஆள் எழுதவே இல்லை. அவர் படிப்பதை நிறுத்தவும் இல்லை.

அவள் பல் டாக்டரிடம் நேரம் கேட்டு எழுதினால், அன்று சாயங்காலமே போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். கட்டடக்காரர் ஒருவர் அவளைத் திட்டி எழுதியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு போய் வாசலில் நிற்பார். "எங்க அண்ணனுக்குச் சொல்லாமலே தெரியும்" என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர் மனைவிக்குக்கூட அதில் கொஞ்சம் பொறாமை. "உங்க தங்கச்சி தும்மினா உங்களுக்கு ஜுரம் வருது. நான் பக்கத்துல படுத்து இருமினா மட்டும் காது கேக்கல," என்பாள்.

கூசிப்போகும் நாட்களும் உண்டு. நாளைக்கு அந்தப் பெட்டியை நீக்கிவிடலாம் என்று சொல்லிக்கொள்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன், அவள் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்களுக்கு நடுவே தன் முகவரியைப் பார்த்தார். 'அண்ணா, நீ வந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. எந்த வேலையை எடுப்பது, யார் வீட்டுக்குப் போவது, எல்லாவற்றையும் நீயே முடிவுபண்ணிவிடுகிறாய். நான் சின்னப் பிள்ளை இல்லை.' அவ்வளவுதான் இருந்தது. அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தி சொல்வதை விட்டார். "நீ என்னம்மா நெனைக்கிற?" என்று கேட்கப் பழகினார். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மாறிட்ட அண்ணா. நான் ஒண்ணும் சொல்லல. நீயாவே மாறின. எத்தன பேருக்கு அது வரும்?"

அவரைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாழ்க்கையில் தேறியது அந்த ஒன்றுதான் என்று தோன்றும். அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவருடைய பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இப்போது அந்த ஜன்னல். மூடியிருந்தால் அதோடு போயிருக்கும். கை பழக்கத்தில் கடவுச்சொல்லை அடித்துவிட்டது. 'உங்கள் போனில் உறுதிசெய்யவும்' என்றது திரை. என்ன செய்துவிட்டோம் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை மாறியது. அனுமதி கிடைத்துவிட்டது. உடனே போன் அடித்தது.

"அண்ணா, 'நீங்கதானா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன். சரிதானே?"

சாயங்காலம் வந்து தன் கணினியிலும் மாற்றித் தரும்படி அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"ம்," என்றார்.

"வராமலே பண்ணிட்டியா? ஆள் கில்லாடிதான்."

"இல்ல, உன் மெஷின்ல இன்னும் வேலை இருக்கு. சாயங்காலம் வர்றேன்."

"வேற யாராவதா இருந்தா யோசிச்சிருப்பேன். நீதானேன்னு அமுக்கிட்டேன்."

போனை வைத்த பிறகும் காது சுட்டது. நேற்றுவரை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்ததை இன்று அவளே திறந்து கையில் கொடுத்திருக்கிறாள். புதிய கடிதங்கள் மூன்று விழுந்தன. பெட்டியை நீக்கிவிட வேண்டும் என்று நினைத்தார். மூன்றையும் படித்த பிறகுதான் நினைத்தார். அதற்குள் ஏழாவது மாடியில் இரண்டு பேர் சிக்கிக்கொண்டதாகப் புகார் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் அறையில் பாதி இடத்தைச் சாய்வான வரைமேசை அடைத்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் ஆறு தடவை செய்ததையே செய்தார். 'நீங்கதானா' என்று அவள் போன் கேட்டது. அவள் ஆமாம் என்றாள். கடிதங்கள் இறங்கின.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு வாரமா பயந்துகிட்டு இருந்தேன்."

கடைசியாக இறங்கியது அஞ்சல் சேவைக்காரர்களின் கடிதம். உங்கள் பெட்டிக்கு இன்று இரண்டு அனுமதிகள் கொடுக்கப்பட்டுள்ளன என்றது. அவள் அவர் கையிலிருந்து மவுஸை வாங்கிப் பட்டியலைத் திறந்தாள்.

"ஒண்ணு இது. இன்னொன்னு?"

"காலையில பண்ணது. சரியா வருதான்னு சோதிச்சுப் பாத்தேன்."

"ஓ."

அதோடு விட்டிருப்பாள். ஆனால் வரைபடத்தில் மூலையில் இருக்கும் சின்ன எண்ணைக்கூடத் தாண்டிப் போகாத கண் அவளுடையது.

"கடைசியாப் பயன்படுத்தியது நாலு நிமிஷத்துக்கு முன்னாடின்னு போட்டிருக்கு."

புகார் எந்நேரமும் வரலாம் என்பதால் அலுவலகத்தில் அவர் கணினியை அணைப்பதே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது தானாகப் போய்ப் பெட்டிகளைப் பார்க்கும்.

"நீ இங்க உக்காந்திருக்க. அங்க யாரு பாக்கறா?"

"யாரும் இல்ல. அது தானா எடுக்கும்."

"எதுக்கு எடுக்கணும்?"

சொல்வதற்குப் பொய்கள் வந்து வரிசையில் நின்றன. மறந்து விட்டுவிட்டேன், கணினிக் கோளாறு, புதுமுறையே அப்படித்தான். எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்தபோது அதுதான் தாங்கவில்லை.

"ஆறு வருஷமா எடுக்குது," என்றார்.

அவளுக்குப் பாதிச் சிரிப்பு வந்தது. "என்ன ஆறு வருஷம்?"

"உன் பெட்டிய என் மெஷின்லயும் வெச்சிருந்தேன். அவன் உனக்கு ஏதாவது எழுதுவானோன்னு ஆரம்பிச்சேன்."

"அவன் ஒண்ணுமே எழுதலையே."

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறமும் பாத்தேன்."

அவள் மேசையில் கிடந்த ரப்பர் தூளை விரலால் ஓர் ஓரமாகக் கூட்டினாள். பிறகு, வரைபடத்தில் அளவுகளைச் சரிபார்ப்பவள் போல, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பல் வலிக்கு போன் பண்ணினியே."

"ஆமா."

"அந்தக் கட்டடக்காரன் திட்டினப்பப் பழம்."

"ஆமா."

கூட்டி வைத்த தூளை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

"அனுப்பாம வெச்சதையும் பாப்பியா?"

தலையசைத்தார்.

"உனக்கு எழுதினதையுமா?"

அவர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயாவே மாறிட்டேன்னு நெனச்சேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன் அண்ணா."

தெரியும் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் தோழிகளுக்கு எழுதியதை அவர் படித்திருந்தார். ஒருமுறைக்கு இருமுறை படித்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவள் இரண்டாவது அனுமதியின் மேல் அம்பைக் கொண்டுபோய் ரத்து செய்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள்.

"கடவுச்சொல்ல எங்க மாத்தறது? அத மட்டும் காட்டிடு. நாளைக்குக் காலையில வரைபடம் அனுப்பியாகணும்."

காட்டிவிட்டு எழுந்தார். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

சுவரைப் பார்த்து நின்றார். யாரோ ஒருவருடைய வீட்டின் வரைபடம் அங்கே ஒட்டியிருந்தது. பின்னால் அவள் அடிக்க ஆரம்பித்தாள், ஒற்றை விரலால், யோசித்து யோசித்து. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதுக்கு முன் கொஞ்சம் இடைவெளி. எட்டு. தான் எண்ணிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சத்தம் கேட்காமல் இருக்க இருமினார். இருமலுக்கு நடுவிலும் காது ஒன்பதைப் பிடித்துவிட்டது.

"நான் வெளியில நிக்கறேன்ம்மா."

கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றார். சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுது."

"அதையேதான் அடிக்கணும்," என்றார் கதவைப் பார்த்து. "மாத்தாம, அதையே."

சொல்லிவிட்டு, விசைகளின் சத்தம் எட்டாத தூரத்துக்குப் படியிறங்கிப் போனார்.