கத்தரி அக்காவின் ஞாயிறு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவியில் வைத்தெடுத்து மறுபடி மாடிக்கு அனுப்பும் அறையில் அவள் வேலை பார்த்தாள். வயது இருபத்து மூன்று. சேர்ந்த முதல் மாதத்திலேயே அவளுக்குப் பட்டாசு என்று பேர் வைத்துவிட்டார்கள். சும்மா வைக்கவில்லை. ஒரு டாக்டர், ரத்தம் காய்ந்து ஒட்டிய இடுக்கிகளைத் தண்ணீரில்கூடப் போடாமல் அப்படியே கீழே அனுப்பிவிட்டார். இவள் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய், அவர் மேஜைமேல் வைத்து, இதை ஒரு தடவை நீங்களே தேய்த்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு வேலை போகாதது அதிசயம்தான். அடுத்த நாளிலிருந்து தட்டுகள் தண்ணீரில் ஊறிக்கொண்டே வந்தன.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருந்தது. அதை அவள் குறையாக நினைத்ததில்லை. நியாயமாகத்தானே கோபப்படுகிறேன் என்பாள்.

அந்த அறையில் வாயால் ஒன்றும் சொல்லித் தராமலே அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒருத்தி இருந்தாள். கத்தரி அக்கா என்பார்கள். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். ஒவ்வொரு கத்தரிக்கோலையும் நீலத் துணியில் சுற்றுவதற்கு முன்னால் ஒரு துண்டு மெல்லிய துணியை வெட்டிப் பார்ப்பாள். நுனிவரை சுத்தமாக வெட்டாவிட்டால் தூக்கித் தனியே போட்டுவிடுவாள். ஒரு நாளைக்கு இருநூறு கத்தரி வந்தாலும் இருநூறாலும் வெட்டிப் பார்ப்பாள். சாமி, கோயில் என்று எதிலும் பெரிய நாட்டம் இல்லாதவள்.

சண்டை ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பித்தது. ஞாயிறு அவசர ஆபரேஷன் மட்டும்தான் என்பதால் காலை ஏழிலிருந்து இரண்டுவரை ஒருவர், இரண்டிலிருந்து ஒன்பதுவரை இன்னொருவர் போதும். புது அட்டவணையில் மேற்பார்வை மேடம் காலை வேலையைப் பட்டாசுக்குப் போட்டிருந்தாள். அவள் போகும் தேவாலயத்தில் பத்து மணிக்கு ஆராதனை. பாட்டுக்குழு, கிட்டார், இளைஞர்கள், அவளுடைய தோழிகள் எல்லாரும் வருவது அதற்குத்தான். அவள் நேராக மேடம் அறைக்குப் போனாள். போனவள் ஒரு தடவையோடு விடவில்லை. நாலு நாள் போனாள். கடிதம் எழுதினாள். மேலதிகாரிக்கு நகல் அனுப்பினாள். கடைசியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, தாழ்வாரத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"எனக்கு என் ஆண்டவர்தான் முதல்ல மேடம். அதுக்கப்புறம்தான் இந்த வேலை. வேணும்னா எழுதி வச்சுக்கங்க."

மேடத்துக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் தொல்லை விட்டால் போதும் என்று பேனாவை எடுத்து இரண்டு பெயர்களை இடம் மாற்றினாள். கத்தரி அக்காவுக்குக் காலை. பட்டாசுக்குப் பிற்பகல். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே இளைஞர் கூட்டத்தில் இது பெரிய செய்தியாகிவிட்டது. கூட்டத்தை நடத்தும் அண்ணன் அவளை எழுந்து நிற்கச் சொல்லி நடந்ததைச் சொல்லவைத்தார். கைதட்டினார்கள். ஒரு தங்கச்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி எனக்கும் தைரியம் வரணும்க்கா என்றாள். பட்டாசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிறு இரண்டு மணிக்கு அவள் ஆலயத்திலிருந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருவாள். அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே எந்தத் தட்டு உள்ளே இருக்கிறது, எது ஆறிக்கொண்டிருக்கிறது என்று ஒப்படைப்பாள். ஒப்படைத்து முடிந்ததும், "இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்பாள். முதல் வாரம் பட்டாசு ஆச்சரியப்பட்டுப் போனாள். உற்சாகமாகக் கால்மணி நேரம் சொன்னாள். அக்கா பையைத் தோளில் மாட்டியபடி நின்று கேட்டாள். இரண்டாம் வாரமும் அப்படியே. அக்காவுக்குள் ஏதோ நடக்கிறது, தன்னால்தான் நடக்கிறது என்று பட்டாசு இளைஞர் குழுவில் செய்தி போட்டாள். எல்லாரும் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்றால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். அவள் குடிக்கவில்லை, கெட்ட சகவாசம் எதுவும் இல்லை. ஆராதனைக்கு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வேதத்தை மடியில் வைத்து, அதன் மறைவில் போனை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வேத வசனத்தையே போனில்தான் பார்க்கிறேன் என்று தொடங்கியது. பிறகு குழுவில் வந்த செய்தி. பிறகு சித்தி மகனுடைய புது வீட்டுப் படங்கள். பிறகு தள்ளுபடியில் வந்த செருப்பு. பிறகு யாரோ இரண்டு பேர் விசுவாசத்தைப் பற்றி இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். அதில் எது சரி என்று இவளும் நாலு வரி எழுதினாள். தலை நிமிரும்போது எல்லாரும் கடைசி ஜெபத்துக்கு எழுந்து நிற்பார்கள்.

இரண்டு மணிக்கு அக்கா கேட்பாள். பட்டாசு ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். அன்பைப் பற்றி என்பாள். மன்னிப்பைப் பற்றி என்பாள். சுருக்கமாக முடித்துவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொள்வாள்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு. அக்கா கேட்டாள். பட்டாசு, காணாமல் போன ஆட்டை மேய்ப்பன் தேடிப் போன கதையைச் சொன்னாள். அக்கா பையை மாட்டவில்லை. மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியும் இதைத்தான் சொன்னே."

மறுபடியும் அதையே பேசினார்கள் என்றாள் பட்டாசு.

அக்கா தன் போனை எடுத்து நீட்டினாள். அதில் பட்டாசின் ஸ்டேட்டஸ் படம் இருந்தது. மஞ்சள் பூக்கள், பின்னால் சூரியன், நடுவில் கொட்டை எழுத்தில்: என் தேவனுக்கே முதலிடம்.

"இதைப் பத்து இருபதுக்குப் போட்டிருக்கே. அதுக்குப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு செருப்பு படம். அப்போ அங்க யாரு பேசிட்டிருந்தா?"

பட்டாசுக்குச் சுரீரென்றது. அவள் எப்போதும் செய்வதைத்தான் செய்தாள், சீறினாள். அது தனக்கும் தன் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம், அதைக் கேட்க அக்கா யார் என்றாள்.

கத்தரி அக்கா குரலை உயர்த்தவில்லை. தன் மகளைப் பற்றிச் சொன்னாள். அவள் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், பத்து வயது. சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிறு ஒரு மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விடுவாள். தாயும் மகளும் சேர்ந்திருக்கும் ஒரே காலைப்பொழுது அதுதான். மூன்று மாதமாகக் குழந்தை எழுந்திருக்கும்போது அம்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் பஸ் ஏற்றிவிடுகிறாள். அம்மா ஏன் வரமாட்டேங்கிறே என்று அது கேட்டதற்கு, கூட வேலை செய்யும் அக்கா கடவுளைக் கும்பிடப் போகணும்னு ஆசைப்படுது, அதான் என்று சொல்லி வைத்திருந்தாள். அங்கே என்ன சொல்வார்கள் என்று குழந்தை கேட்டது. வாராவாரம் அக்கா கேட்டுக்கொண்டு போனது அதைத்தான். சாயங்காலம் விடுதிக்குப் போன் போட்டு மகளுக்குச் சொல்வதற்கு.

"நான் குடுத்த ஞாயித்துக்கிழமைய நீ என்ன பண்ணினே?" என்றாள். "எனக்கு உன் சாமி மேல கோபமில்ல. நீ அதை நெசமா எடுத்துக்கிட்டிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன். செருப்பு பாக்கறதுக்கா என் புள்ளைய விட்டுட்டு வந்தேன்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுக்க பட்டாசு கருவிகளை உடைப்பதுபோலத் தேய்த்தாள். முதலில் அக்கா மேல் ஆத்திரம். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே, நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன் என்று. பிறகு மேடம் மேல். கேட்காமல் பெயரை மாற்றியது அவள்தானே. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கொட்டினாள். தனக்காகப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, வாராவாரம் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், உன் தாடையில் அந்தப் போன் வெளிச்சம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய் என்று அவள் பாய்ந்தாள். உன்கிட்ட யாரு வாயக் குடுக்கறது என்றாள் அம்மா.

அது அவளைக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. பேர் வைத்துச் சிரித்தவர்கள் எல்லாரும் தன்னிடம் உண்மை பேசப் பயந்தவர்கள் என்று அவளுக்கு அதுவரை உறைக்கவில்லை. அறைக்குள் போய் முழங்கால் போட்டாள். ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதையே சொன்னாள். உங்களை வைத்து எல்லாரிடமும் சண்டை போட்டேன், உங்களிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசவில்லை, ஏன் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை என்று கேட்டாள். அது மரியாதையான ஜெபம் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் அவள் மனசு அலையாமல் செய்த முதல் ஜெபம் அது.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஆலயத்து வாசலில் நின்றாள். அறிவிப்புப் பலகையில் ஆராதனை நேரங்கள் இருந்தன. காலை ஐந்தரை. காலை பத்து. பலகையின் பெயிண்ட் உரிந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஐந்தரை ஆராதனை ஆறரைக்கு முடியும். ஆஸ்பத்திரிக்கு நடந்து பன்னிரண்டு நிமிஷம். ஏழு மணிக்குத் தாராளமாக வேலையில் நிற்கலாம். அவள் இந்தப் பலகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் மேடத்தோடு மல்லுக்கு நின்றபோது ஒரு தடவைகூட இது ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் சண்டை போட்டது ஆண்டவருக்காக இல்லை, கிட்டாருக்காக. வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். பெருக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மேடம் அவளைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். காலை வேலையைத் தனக்கே திருப்பிப் போடச் சொன்னதைக் கேட்டதும் சிரித்தேவிட்டாள், ஆனால் சந்தோஷமாக இல்லை. அட்டவணை அச்சாகிவிட்டது, ஆளாளுக்கு மாற்ற முடியாது, உன் கடவுள் வாரத்துக்கொரு நேரத்தில் வருவாரா என்றாள். பட்டாசு இந்தத் தடவை கத்தவில்லை. கத்தாமல் இருப்பது அவளுக்கு இடுக்கியால் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. தப்பு தன்னுடையது என்றும், அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியதும் தப்பு என்றும் சொன்னாள். மேடத்துக்கு அது புதுசு. அடுத்த ஞாயிறிலிருந்து என்று எழுதிக் கொடுத்தாள்.

அக்கா நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று வாரம் வேலை தவிர வேறு பேச்சு பேசவில்லை. பட்டாசு மன்னிப்புக் கேட்டபோது, சரி என்றாள், ஒரு கத்தரியால் துணியை வெட்டிப் பார்த்தாள், அதைத் தனியே போட்டாள்.

ஐந்தரை ஆராதனையில் பதினாலு பேர் இருந்தார்கள். மைக் இல்லை. பாட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கை பத்து தடவை தானாக மடியைத் தடவியது. முதல் வாரம் அவள் பாதியில் தூங்கிவிட்டாள். இரண்டாம் வாரம் முன் வரிசைக்காரர் இருமிக்கொண்டே இருந்தார், அவர் மேல் கோபம் வந்தது. நாலாம் வாரம்தான் போதகர் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். கேட்டது இனிமையாக இல்லை. பாதி இடங்களில் தன்னைத் திட்டுவதுபோல இருந்தது. ஆனாலும் வேலை முடியும்வரை அதை மனசுக்குள் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் இளைஞர் முகாம். கூட்டம் நடத்தும் அண்ணன் போன் செய்து, ஞாயிறுக்காக ஆஸ்பத்திரியை எதிர்த்து நின்ற உன் சாட்சியைச் சொல்லவேண்டும் என்றார். அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. சரி, வருகிறேன் என்றாள்.

எழுபது பேர் இருந்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் யாரையும் எதிர்த்து நிக்கல. ஒரு அம்மாகிட்டேருந்து அவங்க பொண்ணோட இருக்கற நேரத்தப் பிடுங்கினேன். பிடுங்கி, உங்க பக்கத்துல உக்காந்து செருப்பு பார்த்தேன். நீங்க அதுக்குத்தான் கை தட்டினீங்க."

அவர்கள் மடியில் இருந்த போன்களையும் பார்த்துவிட்டேன் என்று சேர்த்துக்கொண்டாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் பட்டாசு. அண்ணன் முகம் சுண்டிப்போனது. அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார். வெளியே வந்து அவளிடம், இதை இவ்வளவு காரமாகச் சொல்லியிருக்க வேண்டாம், பிள்ளைகள் மனசு உடையும் என்றார். அவர் மனசில் என்ன உடைந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

தோழிகளில் இரண்டு பேர் அதற்கப்புறம் பேசவில்லை. முன்பு கையைப் பிடித்துக்கொண்ட அந்தத் தங்கச்சி, ஐந்தரை ஆராதனைக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்று செய்தி அனுப்பிக் கேட்டாள். ஒரு வாரம் வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறு வாரம் வரவில்லை. பட்டாசுக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவளுக்காக ஜெபம் செய்துவிட்டு, ஏழு மணிக்கு முன்னால் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நீராவிப் பெட்டியைத் திறந்தாள்.