துறைமுகம் வரைக்கும் ஒரு சவாரி

இத்தாலியின் அங்கோனா ரயில் நிலைய வாசலில் முப்பத்தொரு வருடமாக டாக்ஸி ஓட்டும் நஸரேனோவை ஊரில் சிடுமூஞ்சி என்பார்கள். எதிரில் காபிக்கடை வைத்திருக்கும் எனக்கு அவன் எரிச்சலின் காரணம் தெரியும். ரயிலிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அவனிடம் சொல்வது ஒரே வார்த்தைதான்: "துறைமுகம்." கிரீஸுக்கோ குரோஷியாவுக்கோ கப்பலேறிப் போய்விடுவார்கள். ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"நம்ம ஊர் என்ன வாசப்படியா ரொமினா, மிதிச்சுத் தாண்டிப் போறதுக்கு?" என்று காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு என்னிடம் கத்துவான், என்னவோ நான்தான் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பியதுபோல.

போன ஜூனில் ஒரு டச்சுத் தம்பதி வந்தார்கள். யோஸ்ட், மாரைக்கே, இருவரும் பள்ளி ஆசிரியர்கள், எங்கள் இத்தாலிய மொழியும் ஓரளவு பேசுவார்கள். கிரீஸிலிருக்கும் யோஸ்டின் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். காலை பத்து மணிக்கு நஸரேனோவின் வண்டியிலிருந்து துறைமுகத்தில் இறங்கப் போனால், காற்று பலமாக இருப்பதால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கப்பல் என்று சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவதாக யோஸ்ட் சொன்னார்.

"ஒம்பது மணி நேரம் செவுத்தப் பாத்துக்கிட்டா? இறங்காதீங்க. மீட்டர் போடல, கதவச் சாத்துங்க," என்றான் நஸரேனோ.

குன்றின்மேல் உள்ள பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனான். வாசலில் படுத்திருக்கும் கல் சிங்கங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யோஸ்ட் கீழே நின்ற கப்பலைப் படமெடுத்தார்.

"சிங்கம் உங்களுக்குப் பின்னாடி இருக்கு சார்."

"தெரியும். கப்பல் சீக்கிரமே கிளம்பிடுமோன்னு பாக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, மலை கடலில் இறங்கும் போர்ட்டோநோவோவுக்கு வண்டியை விட்டான். அங்கே பாறையிலிருந்து பிடுங்கிய சிப்பியை ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். யோஸ்ட் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரைக்கே இரண்டு தட்டுச் சிப்பியைக் காலி செய்து, மிச்சச் சாற்றையும் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

"பதினோரு கோடையா இந்த ஊர் வழியாத்தான் போறோம். இங்க இப்படி ஒரு கரை இருக்குன்னே தெரியாது," என்றார்.

நஸரேனோ கரண்டியைக் கீழே போட்டான். "பதினோரு தடவையா! கேக்கறதுக்கு வாயில்லையாம்மா உங்களுக்கு?"

ஆறு மணிக்குத் துறைமுகம் வந்ததும் யோஸ்ட் இறங்கினார், மாரைக்கே இறங்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"தங்கச்சி கேட்டா என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்லுங்க. பதினோரு வருஷமா அவ வீட்டு மொட்டை மாடியத்தான் பாத்திருக்கேன்."

கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் யோஸ்ட் தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறினார்.

மாரைக்கே என் கடை மாடியில் அறை எடுத்தார். மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு டாக்ஸி பக்கத்தில் நிற்பார். "இன்னிக்கு என்ன?" என்பார். ரோமானிய வளைவைக் காட்டினால், யார் கட்டினது, எந்த வருஷம் என்பார். ஐந்தாம் நாள் நஸரேனோ என் கடைக்குள் வந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"முடியல ரொமினா. ஒரே ஒரு துறைமுகச் சவாரி வந்தா உசிரு திரும்பிடும்."

"நீதானப்பா ஆசப்பட்ட," என்றேன்.

ஆறாம் நாள், வண்டி ஓவியக் கூடத்தைத் தாண்டும்போது மாரைக்கே கேட்டிருக்கிறார். "உள்ள என்ன இருக்கு?"

"படம்."

"என்ன படம்?"

நஸரேனோவுக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டார்.

மத்தியானம் என் கடைக்கு வந்தபோது நஸரேனோ காபிகூடக் கேட்கவில்லை. "அங்க மாதா படம் ஒண்ணு இருக்கு, ஆள் உயரத்துக்கு மேல. பின்பக்கம் சுத்திப் போய்ப் பாக்கலாம். பின்பலகையில, படத்த வரஞ்சவரே தலை தலையாக் கிறுக்கி வச்சிருக்கார். சிரிக்கிற மூஞ்சி, மொறைக்கிற மூஞ்சி..." குரல் உயர்ந்தது. "முப்பத்தொரு வருஷமா அந்தத் தெருவுலதான் ஓட்டறேன். ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல? நீ ஏன் சொல்லல?"

"நானும் போனதில்லையே."

ஒரு நிமிடம் என்னை முறைத்தான். பிறகு என் கடைக் கதவில் தொங்கிய பலகையை 'மூடியுள்ளது' என்று திருப்பிவிட்டு, "ஏப்ரனக் கழட்டு, போலாம்," என்றான்.

பத்தாம் நாள் யோஸ்ட் கப்பலிலிருந்து இறங்கினார். நஸரேனோவின் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "ரயில் நிலையம்," என்றார்.

முன் சீட்டில் இருந்த மாரைக்கே திரும்பவே இல்லை. "முதல்ல சிங்கம்," என்றார்.