என் பெண்ணுக்குப் பாட்டு வாத்தியார் வைக்கவில்லை

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருஷங்கள் போய்விட்டன. பெருமாளை நினைத்துக்கொண்டு நோட்டில் முதல் வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். சம்பந்தி வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு பயம். போன மாதம் மணப்பாறைக்குப் போயிருந்தபோது என் பெண்ணிடமே கேட்டேன். "எழுதுங்கோப்பா, எனக்கென்ன," என்றாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி ஒன்றில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் மனைவி, இந்த ஒரே பெண். திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் எனக்கு வேலை.

பெண்ணுக்கு ஐந்து வயது. ஒரு நாள் பெருமாள் புறப்பாடு பார்க்கத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நாதஸ்வரம் ஆரம்பித்ததும் என் தோளில் இருந்தபடியே "பைரவி" என்றாள். வாசிப்பு சற்று நின்றதும், பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே போய் நாதஸ்வரக்காரரிடம் கேட்டார். "ஆமாங்க, பைரவிதாங்க. யாருங்க சொன்னது, அந்தப் பாப்பாவா?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். பெருமாள் முன்னாலேயே நடந்ததால், இது அவர் கொடுத்தது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அடுத்த போர்ஷன்காரரிடம் ரேடியோ இருந்தது. நடுவில் ஒரே சுவர். தூளியில் கிடந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டு வளர்ந்தவள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ராகத்தின் பெயரைச் சொல்வார்கள், இவள் பிடித்துக்கொள்வாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை, தானா வந்தது," என்றேன்.

வீதி முழுக்க இதே பேச்சு. "போன ஜன்மத்துல பெரிய வித்வானா இருந்திருப்பள் ஓய், வாசனை விடுமா?" என்பார்கள். எங்கள் வீதியிலேயே குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த ஒரு மாமி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "போன ஜன்மம் இருக்கட்டும். காது நன்னா இருக்கு, அவ்வளவுதான். இப்பவே ஸரளி வரிசையில உக்கார வச்சா பாடுவள். பேர் மட்டும் சொல்லிண்டு திரிஞ்சா கிளிக்கும் இவளுக்கும் என்ன வித்யாசம்?" என்று என் மனைவியிடம் சொல்லி அனுப்பினாள்.

பெண்ணும் கேட்டாள். "அப்பா, நானும் மாமியாத்துக்குப் போய்க் கத்துக்கட்டுமா?" ஏழு வயது இருக்கும். ஒரு தடவை இல்லை, அந்த வருஷம் முழுக்கக் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். வாத்தியார் வைத்தால் அருள் என்று யார் சொல்வார்கள்? வாத்தியார் தந்தது என்றுதானே சொல்வார்கள்? பெருமாள் கொடுத்ததில் மனுஷன் கை வைப்பது அபசாரம் என்று நினைத்தேன். "ஏன்னா, ஆசையாக் கேக்கறதே," என்று மனைவி ஒரு நாள் ஆரம்பித்தாள். பேசாதே என்றேன்.

பெண்ணுக்குப் பத்து வயதானபோது திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இவள் ராகம் சொல்வதைக் கேட்கவென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு பிடில் வித்வான் வாசிக்க வாசிக்க இவள் ராகம் சொன்னாள். எல்லாம் சரி. கைதட்டினார்கள். அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"பேர் சொன்னது போறும். கொழந்தே, அந்தக் கல்யாணியைக் கொஞ்சம் பாடேன்."

பாடினாள். ரேடியோவில் கேட்டது அச்சாக அப்படியே வந்தது. நடுவில் ரேடியோவில் பாடிய வித்வான் தொண்டையைக் கனைத்திருப்பார் போலிருக்கிறது, இவளும் அதே இடத்தில் கனைத்தாள். சபை சிரித்தது.

"ரேடியோப் பெட்டிக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கார் ஓய்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெரியவர் சிரிக்கவில்லை. "சரி, ஸ்வரம் சொல்லும்மா," என்றார்.

"தெரியாது மாமா. மாமியாத்துல கத்துக்கறேன்னேன். அப்பா வேண்டான்னுட்டா."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மேல்வேஷ்டியைச் சரி செய்துகொண்டேன். பஸ் ஏறினோம். வீட்டுக்கு வந்து சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். ருசி தெரிந்ததா இல்லையா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நானே மாமியிடம் போய் நின்றேன். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, "அழைச்சுண்டு வாங்கோ," என்றாள். பாயில் உட்கார வைத்து, சுருதிப் பெட்டியைப் போட்டு, "ஸா" என்றாள். பெண் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. நாலாம் நாள் மாமி பெட்டியை மூடிவிட்டு, "நாழியாயிடுத்து," என்றாள். அன்றைய பொழுதைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதன் பிறகு பெண் பாடவில்லை. ராகத்தின் பெயரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, இன்று வரை வரவில்லை. கடைக்குப் போனேன், துணி அளந்து கிழித்தேன், சன்னிதிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தேன்.

வீதியில் வேறு கதை சொன்னார்கள். திருஷ்டி என்றார்கள், கொடுத்த பெருமாளே எடுத்துக்கொண்டார் என்றார்கள். நானும் தலையாட்டினேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டது, நான் மாட்டேன் என்றேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் அதன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், தெய்வத்தின் பெயரை நடுவில் சேர்க்கவும் வேண்டாம்.