யார் வீட்டுக்கு வந்தீக?

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். யார் வீட்டுக்குப் போகிறேன் என்று அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சும்மா ஊர் பார்க்க என்றால் ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள், மகனுக்குப் பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று தானே முடிவுகட்டி, சின்னமனூர் வருவதற்குள் இரண்டு வரன் சொல்லிவிட்டார். எனக்கு மகனே கிடையாது.

கல்யாணமான நாளிலிருந்து கல்யாணம், கருமாதி, நேர்த்திக்கடன் தவிர வேறெதற்கும் நான் பஸ் ஏறியதில்லை. ஒரே ஒருமுறையாவது சுற்றுலாப் பயணியாக ஓர் ஊருக்குப் போய்விட வேண்டும் என்றுதான் திருச்சியிலிருந்து தனியாகக் கிளம்பினேன். அது இவ்வளவு பெரிய குற்றமா?

மதியம் கம்பத்தில் இறங்கி, முதல் லாட்ஜில் டூரிஸ்ட் என்று சொன்னேன். மேனேஜர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"டூரிஸ்ட்டுன்னா வேன் புடிச்சு குடும்பத்தோட தேக்கடிக்குப் போறவுகம்மா. நீங்க தனியால்ல வந்திருக்கீக."

ரூம் இல்லையாம். அவர் முதுகுக்குப் பின்னால் அத்தனை சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த லாட்ஜில் நான் டூரிஸ்ட் என்று வாயைக் கொடுக்கவில்லை. உத்தமபாளையத்தில் ஒரு துக்கம், காலையில் போக வேண்டும் என்றேன். உடனே சாவி வந்தது, பின்னாலேயே காபியும் வந்தது. சாயங்காலம் திராட்சைப் பந்தல்களைப் பார்க்கலாம் என்று படியிறங்கினால், அங்கிருந்த மேனேஜர், துக்கத்துக்கு வந்தவர் அலையக்கூடாது என்று அன்பாகத் திருப்பி அனுப்பிவிட்டார். என் முதல் சுற்றுலாவின் முதல் நாளை, ஜன்னல் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்துக் கழித்தேன்.

காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. சீட்டில் பெரிய ரோஜா மாலை. "அங்கன மாலை கிடைக்குமோ என்னமோன்னு நானே வாங்கி வச்சுட்டேன்" என்றார் மேனேஜர். இதற்கு மேல் தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"அத நேத்தே சொல்லப்படாதா? மலை தெரியிற ரூமு குடுத்திருப்பேன்ல."

மாலைக்குக் காசைக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் ஏறி சுருளி அருவிக்கு விடச் சொன்னேன். பத்து கிலோமீட்டர். டிரைவர் கண்ணாடியில் என்னையும் பார்த்தார், மடியிலிருந்த மாலையையும் பார்த்தார்.

"அருவியில யாருக்கும்மா திதி?"

"எனக்குத்தான்" என்றேன்.

அதன்பிறகு சுருளி வரை அவர் வாயே திறக்கவில்லை. நான் நிம்மதியாக மலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.