காலண்டர் தாள் அட்டை

என் அலமாரியில் ஒரு பழைய பொது அறிவுப் புத்தகம் இருக்கிறது. செங்கல் கனம். ஆறுகளின் நீளத்தைத் தவிர அதில் மற்றதெல்லாம் இன்று மாறிப்போய்விட்டது. காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி அதற்கு அட்டை போட்டவன் என் தம்பி. சட்டையைக்கூட மடித்து வைக்கத் தெரியாதவன், அந்த மூலைகளை மட்டும் அவ்வளவு நேர்த்தியாக மடித்திருந்தான்.

அப்போது நாங்கள் நெல்லித்தோப்பில் இருந்தோம். அவன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். குட்டி விமானம் செய்து பறக்கவிடும் பைத்தியம் பிடித்திருந்தது. சூடான கம்பியால் தெர்மாகோலை இறக்கை வடிவத்துக்கு அறுப்பான். அதன் இரு பக்கமும் பால்சா என்ற மெல்லிய மரத்தகட்டை ஒட்ட வேண்டும். நம்மூரில் கிடைக்காத மரம். நண்பன் ஒருவன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு ஜோடி இறக்கைக்குத்தான் போதும். இரண்டு டியூப் பசையைக் கலந்து தகட்டில் வழித்து வழித்துத் தடவுவான். "பசை கூடுனா வெயிட்டு ஏறிடும்க்கா" என்பான். ஒட்டியதும் இறக்கையை, அறுத்தபோது மிஞ்சிய துண்டுகளுக்கு நடுவே பழையபடி பொருத்தி மேலே கனம் ஏற்றுவான். பசை இறுக ஒரு முழு நாள் ஆகும். அதற்குள் கனம் நகர்ந்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை ஒழுங்காகப் பறக்காது. அப்பாவின் பிரெஞ்சு அகராதி, அம்மாவின் அம்மிக்குழவி, என் தேர்வுப் புத்தகங்கள் எல்லாம் அதன்மேல் ஏறின.

திங்கட்கிழமை எனக்கு அரசு வேலைக்கான தேர்வு. மூன்றாவது முறை. சனிக்கிழமை மதியம் என்னைக் கேட்டுத்தான் புத்தகங்களை எடுத்துப்போனான். எல்லாம் படித்தாயிற்று என்று நானும் பெருமையடித்துக்கொண்டேன். சாயங்காலம் ஒரு சந்தேகம் வந்தது, ஏதோ ஓர் ஒப்பந்தம் போட்ட வருடம். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அடியிலிருந்த பொது அறிவுப் புத்தகத்தை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. அடுக்கு லேசாக நகர்ந்தது. அதை நான் பார்த்தேன். கையால் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன், அவனிடம் சொல்லவில்லை. அந்த வருடத்தைத் தேர்வில் கேட்கவேயில்லை.

மறுநாள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தான். ஒன்றுக்கு மட்டும் புது அட்டை. "நைஞ்சிருந்துச்சுக்கா, கவர் போட்டுட்டேன். நாளைக்கு நல்லா எழுது" என்றான்.

அடுத்த ஞாயிறு, மூலக்குளம் தாண்டி மனை போட்டிருந்த வெட்டவெளியில் பறக்கவிட்டான். அவன் நண்பர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். விமானம் தென்னை உயரம் ஏறியது, பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டில் எதிர்ப்பக்கம் எவ்வளவு தள்ளியும் நிமிரவில்லை. தலைகுப்புற வந்து மனைக்கல்லில் மோதிச் சிதறியது. என்னடா ஆச்சு என்று நண்பர்கள் கேட்டார்கள். "என் கை சரியில்லடா. ஒட்டுனது நான்தானே" என்றான். அதோடு விமானம் செய்வதையே விட்டுவிட்டான். நான் தேர்வில் தேறினேன்.

ஐந்து வருடத்தில் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. அந்த வேலையில் லீவு போட்டுவிட்டு, எங்கள் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். உடம்பு சரியில்லாதவனிடம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். ஒருநாள் அவனே கேட்டான்.

"அந்த ஏரோப்ளேன் எவ்ளோ உயரம் போச்சுக்கா?"

"தென்னமரத்துக்கு மேலடா."

"போச்சுல்ல," என்று கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

அவன் போய் ஒரு வருடம் கழித்து, பழைய புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க எடுத்தபோது அந்த அட்டை கழன்றது. உள்ளே புத்தகத்தின் மேல் கண்ணாடி மாதிரி இறுகிய ஒரு சொட்டுப் பசை. அதில் பால்சா மரச் சிம்பு ஒன்று ஒட்டியிருந்தது. அவன் அடுக்கும்போது பசை படாமல்தான் வைப்பான்; நான் செருகியபோது, இறக்கையின் ஓரத்தில் பிதுங்கியிருந்த ஈரப்பசை பட்டிருக்கிறது. மறுநாள் அதைப் பிய்த்தெடுத்தவன் அவன். யார் கை சரியில்லை என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தேர்வுக்கு முந்தின நாள் அது என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் காலண்டர் தாளைத் தேடியிருக்கிறான்.

புத்தகத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அட்டையை அவன் மடித்த மடிப்பிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தேன். இன்றுவரை ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.