மிஸ்டர் ஜோசப்பைப் படுக்கவைத்து எடுத்த பாஸ்போர்ட் படம்

தாளை உரித்தவுடன் மூக்கில் ஏறும் அந்தப் புளித்த மருந்து வாசம்... விரல் நுனியெல்லாம் பிசுபிசுப்பு...

தொண்ணூறுகளின் தொடக்கம். பாஸ்போர்ட் படம் என்றால் அப்போது நாலு லென்ஸ் வைத்த கனத்த கமராதான். படத்தாளைக் கையால் இழுத்தெடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, மேல்தாளை உரிக்கவேண்டும். குளிர்காலத்தில் நிறம் சரியாகப் பிடிக்காது. அதனால் தாளைக் கார்டிகனுக்குள்ளே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கால் மாறி மறு காலில் நிற்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் அக்கா வீட்டில் இருந்தேன். டூட்டிங் பக்கம் யோகன் அண்ணையின் போட்டோக் கடையில் வேலை. என்னுடைய அகதிக் கேஸுக்கு இன்னும் முடிவு வரவில்லை. கடை போன் அடித்தாலே நெஞ்சு திடுக்கிடும்... ஊரிலிருந்து என்ன செய்தியோ, லோயரிடமிருந்து என்ன செய்தியோ.

அப்படியான ஒரு காலையில்தான் மிஸ்டர் ஜோசப்பும் மனைவியும் வந்தார்கள். கிரெனடாத் தீவுக்காரர். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். சாம்பல் கோட், இறுக்கிக் கட்டிய டை. இளவயதில் லண்டன் வந்தவர், அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் போனதேயில்லை. அவரைத் தூக்கி வளர்த்த அக்கா அங்கே சாகக் கிடக்கிறா என்று செய்தி வந்திருந்தது.

கிரெனடா பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். முகம் நேராக இருக்கவேண்டும், இரண்டு காதும் தெரியவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும், பின்னால் வெறும் வெள்ளை. ஸ்டேஷன் போட்டோ பூத்தில் எடுத்த படம் தெளிவில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

ஏன் என்று ஸ்டூலில் இருத்தியதுமே எனக்கு விளங்கியது. அவருடைய தலை ஆடிக்கொண்டிருந்தது. யாருக்கோ இல்லை, இல்லை என்று சொல்வதுபோல மெல்ல, ஓயாமல்...

எடுத்தேன். நாலு முகமும் கலங்கிப்போயிருந்தன. திரும்ப எடுத்தேன். கழுத்துக்குப் பின்னால் தலையணை வைத்தும் பார்த்தேன். சரிவரவில்லை. பிலிம் வீணாகிறதே என்று யோகன் அண்ணை கவுண்டருக்குப் பின்னால் செருமத் தொடங்கினார்.

மிஸிஸ் ஜோசப்பால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கதவுக்கும் கவுண்டருக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தா. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வீட்டு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, அதிலே போயிருந்தால் போன கிழமையே அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கலாம், இந்த மனுசனின் பிடிவாதம் அந்தச் சீவன் போகும்வரை விடாது என்று பொரிந்து தள்ளினா.

அவர் சத்தம் போடவில்லை. தலை ஆட ஆட ஆங்கிலத்தில் அவர் சொன்னது என் காதில் தமிழாகத்தான் நிற்கிறது.

"என்ர அக்காவைப் பாக்க, பிறந்த ஊரில நான் விசிட்டர் லைனில நிக்கமாட்டன்."

கமராவைச் சும்மா துடைத்தேன்.

அலுத்துப்போய் மிஸிஸ் ஜோசப் கதிரையில் இருந்தா. பகல் முழுக்க இந்த ஆட்டம்தான், படுத்தால் மட்டும் நின்றுவிடும் என்று தனக்குள்ளே சொல்வதுபோலச் சொன்னா. கைக்குழந்தைகளை நாங்கள் அப்படித்தான் எடுப்போம், வெள்ளைத் துணியில் கிடத்தி மேலே நின்று. நான் யோகன் அண்ணையைப் பார்த்தேன்.

அவர் பதறிவிட்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தமிழில் குசுகுசுத்தார்.

"வருத்தம் பிடிச்ச மனுசன். கடைக்குள்ள வெள்ளை விரிச்சுக் கிடத்துறதோ? எனக்கு மனசு கேக்கேல்லை, பிள்ளை."

ஆனாலும் துணியை எடுத்துவந்து விரித்தது அவர்தான்.

கோட்டும் டையுமாக மிஸ்டர் ஜோசப் தரையில் படுத்தார். பழக்கத்தில் கை இரண்டையும் நெஞ்சில் கோத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மிஸிஸ் ஜோசப் சட்டென்று வீதிப்பக்கம் திரும்பிவிட்டா. கையைப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். வைத்தார்.

ஆட்டம் குறைந்தது... குறைந்து, நின்றேவிட்டது.

நான் ஸ்டூலில் ஏறிக் குனிந்தேன். கமரா என் கையில் நடுங்கியது. என்ன செய்தும் நிற்கவில்லை. கீழேயிருந்து அவர் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இப்ப நீ ஆடாதை."

மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினேன்.

உரித்தபோது நாலு முகமும் கண்ணாடிபோல இருந்தன. மிஸிஸ் ஜோசப் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபடி நின்றா. பிறகு, "இந்த முகத்தைப் பாத்துக் கனகாலம்" என்றா.

பாஸ்போர்ட் வந்தது, அவரும் போனார். அந்த வசந்தத்தில் ஒருநாள் ஒரு பை சாதிக்காயோடு கடைக்கு வந்தார். கிரெனடா எயார்போர்ட்டில் அதிகாரி படத்தையும் ஆடுகிற தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீ யாருடைய மகன் என்று கேட்டானாம். இவர் தாயின் பெயரைச் சொல்ல, அந்த வீடு தெரியும் என்று முத்திரையைக் குத்தினானாம். அக்கா உயிரோடு இருந்திருக்கிறா. கண் தெரியாது. இவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து வைத்துக்கொண்டு, ஏனடா ஆடுகிறாய் என்று கேட்டாவாம். அவர் அங்கே நின்ற நாட்களிலேயே போய்ச் சேர்ந்துவிட்டா.

சொல்லி முடிக்கும்வரை யோகன் அண்ணை ஒருதரம்கூடச் செருமவில்லை.

இப்போது அந்தக் கடையும் இல்லை, அந்தக் கமராவும் இல்லை. போன மாதம் என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க, மகள் என்னைச் சுவரோரம் நிற்பாட்டி போனில் ஒரு படம் எடுத்தாள். நான் திரும்பமுன்னரே படம் சரி என்று பதில் வந்துவிட்டது. எவ்வளவு லேசாய்ப் போய்விட்டது எல்லாம்...

வருகிற மாதம் யாழ்ப்பாணம் போகிறோம். நேற்று ஒன்லைனில் விசாவுக்குப் போட்டோம். மகள் டைப் செய்துகொண்டே போனவள், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, இதுக்கு என்ன போட?"

அதில் தெரிவுசெய்ய இருந்தவற்றையெல்லாம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன்.

பிறகு, "ஹொலிடே எண்டு போடு" என்றேன்.